தெருப்பெயரும் குடிப்பெயரும்

நதிமூலமும் ரிஷிமூலமும் தேடலாகாது என்பது நம்மிடையே வழங்கும் பழமொழி. ஆயினும் வரலாறு பயில்வோர் அப்பழமொழிக்கு அடங்கியிருத்தல் இயலாது. மூலத்தைத் தேடுவதே அவர்தம் தொழில். அத்தேடலுக்கு அரண்மனைகளும் கல்வெட்டுகளும் மட்டுமே களமல்ல. நாள்தோறும் நடந்து செல்லும் தெருவின் மூலையில் நாட்டப்பட்டிருக்கும் பெயர்ப்பலகையும் களமாகும்.

பினாங்கு ஜார்ஜ்டவுனின் தென்பகுதியில் ஏழு தெருக்கள் அடுத்தடுத்து அமைந்துள்ளன. ஹொக்கியன் மொழி பேசும் சீனர் அவற்றிற்கு முதல் தெரு, இரண்டாம் தெரு என எண்ணிட்டு, அனைத்தையும் சேர்த்து 'ஏழு தெரு' என்று தம் மொழியில் வழங்குவர். நகராட்சி ஏடுகளில் அவற்றிற்குத் தனித்தனிப் பெயர்கள் உண்டு. இரண்டாம் தெரு நூர்தீன் தெரு. ஆறாம் தெரு காட்ஸ் தெரு. முன்னது சோழமண்டலக் கரையோடு தொடர்புடைய தமிழ் முஸ்லிம் வணிகர் குடும்பத்தின் பெயர். பின்னது ஜெர்மானிய நாட்டிலிருந்து வந்த யூத வணிகர் குடும்பத்தின் பெயர். கடல் கடந்து வந்த இரு குடிகள் நான்கு தெரு இடைவெளியில் தம் பெயரை நாட்டிச் சென்றுள்ளன. அப்பெயர்கள் எங்ஙனம் பிறந்தன? அவற்றைப் பற்றிக்கொண்டு முன்னோரைத் தேடிச் செல்ல இயலுமா? இவ்வினாக்களே இக்கட்டுரையின் பொருள்.

காட்ஸ் என்னும் பெயர்

1860களில் சிங்கப்பூரில் ஹெர்மன் காட்ஸ் என்பார் தொடங்கிய வணிக நிறுவனம் 'காட்ஸ் சகோதரர்' என்பது. ஐரோப்பியப் பொருள்களை இறக்குமதி செய்து விற்ற அந்நிறுவனம் பினாங்கிலும் கிளை பரப்பியது. ஜெர்மன் மொழியைச் சிறிது கற்றவர் இப்பெயரைக் கேட்டவுடன் புன்னகை செய்வர். ஏனெனில் 'காட்சே' என்னும் ஜெர்மன் சொல்லுக்குப் பூனை என்பது பொருள். ஆனால் இப்பெயருக்கும் பூனைக்கும் தொடர்பு இல்லை. 'கோஹென் செதெக்' என்னும் எபிரேயத் தொடரின் முதலெழுத்துகளைச் சேர்த்து ஆக்கிய குறுக்கமே காட்ஸ் என்பது. நீதியுள்ள குரு என்பது அத்தொடரின் பொருள். ஆரோன் வழிவந்த குருமார் மரபினர் என்பதைக் குறிக்க யூதர் சிலர் இக்குறுக்கத்தைத் தம் பெயருடன் எழுதி வந்தனர். நாளடைவில் அதுவே குடிப்பெயராக நிலைபெற்றது.

இதனால் பெறப்படும் முதற்பாடம் ஒன்று உண்டு. ஒலியை மட்டும் கொண்டு பெயருக்குப் பொருள் கூறுதல் தவறு. எம்மொழியில் அப்பெயர் பிறந்தது, எம்மொழியினர் நாவில் வளர்ந்தது, எவர் கையால் எழுதப்பட்டது என்னும் மூன்றையும் ஆராய்ந்த பின்னரே பொருள் காணுதல் வேண்டும்.

ஜெர்மானிய நிலத்து யூதருள் பெரும்பாலோர்க்கு இத்தகைய நிலையான குடிப்பெயர் பன்னெடுங்காலம் இருந்ததில்லை. ஈசாக்கின் மகன் யாக்கோபு, யாக்கோபின் மகன் மோசே என்றவாறு தந்தை பெயரே தலைமுறைதோறும் மாறி மாறி வந்தது. தமிழரின் வழக்கத்திற்கு இது எத்துணை அணுக்கமானது என்பதைக் கூறவேண்டுவதில்லை. அவ்வழக்கத்தை மாற்றியது அரசின் ஆணை. ஆஸ்திரியப் பேரரசன் இரண்டாம் ஜோசப் 1787இல் தன் நாட்டு யூதர் நிலையான குடிப்பெயர் பூணவேண்டும் என விதித்தான். ரைன் ஆற்றின் மேற்குக்கரை பிரெஞ்சு ஆட்சியின்கீழ் இருந்தபோது, நெப்போலியன் 1808இல் அவ்வாறே ஆணையிட்டான். 1812இல் பிரஷ்யாவும் 1813இல் பவேரியாவும் அதே நெறியை மேற்கொண்டன. வரி தண்டவும் படைக்கு ஆள் சேர்க்கவும் அரசுக்கு மாறாத பெயர் தேவைப்பட்டது. எனவே, இத்தகைய குடும்பம் ஒன்றின் முன்னோரைத் தேடிச் செல்பவர், ஏறத்தாழ 1800ஆம் ஆண்டு வரை குடிப்பெயர் என்னும் கயிற்றைப் பற்றிச் செல்லலாம். அதற்கப்பால் கயிறு அறுந்துபோகும். பின்னர் கல்லறைக் கற்களையும் சமய மன்றங்களின் ஏடுகளையுமே நாடவேண்டும்.

நன்னூலார் காட்டும் வழி

ஜெர்மானியக் குடிப்பெயர்களை வகைப்படுத்தப் புதியதோர் இலக்கணம் தேவையில்லை. பொருள், இடம், காலம், சினை, குணம், தொழில் எனப் பெயர்ச்சொல்லை அறுவகையாக நன்னூல் பகுக்கும். அப்பகுப்பில் அவை பெரிதும் அடங்கிவிடுகின்றன.

பினாங்கில் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வணிகம் புரிந்த மற்றொரு ஜெர்மானிய நிறுவனம் ஹூட்டன்பாக் சகோதரர் என்பது. ஹூட்டன்பாக் என்பது பவேரியாவின் பிராங்கோனியப் பகுதியிலுள்ள ஒரு சிற்றூரின் பெயர். 'பாக்' என்றால் ஓடை. 'ஹூட்டே' என்றால் குடில் அல்லது உலைக்கூடம். ஆகவே இஃது இடப்பெயர் வழிவந்த குடிப்பெயர் எனலாம். ஷ்மிட் என்பது கொல்லர், முல்லர் என்பது மாவு அரைக்கும் ஆலையினர், ஷ்னைடர் என்பது தையற்காரர். இவை தொழிற்பெயர் சார்ந்தன. கிளைன் என்பது சிறியவர், லாங் என்பது நெடியவர். இவை குணம் பற்றியன. ஷ்வார்ட்ஸ்கோப் என்பது கருந்தலையர், சினை பற்றியது. குளிர்காலத்தைக் குறிக்கும் வின்டர், வெள்ளிக்கிழமையைக் குறிக்கும் பிரைடாக் ஆகியவையும் அந்நாட்டில் குடிப்பெயர்களே. இவை காலப்பெயரின்பாற்படும். ஸ்டைன் என்னும் பெயரோ கல் என்னும் பொருள் பற்றியது.

சங்கப் புலவர் பெயர்களை இவற்றோடு ஒப்புநோக்குக. மதுரைக் கணக்காயனார் மகனார் நக்கீரனார் என்னும் பெயரில் ஊரும் தந்தையின் தொழிலும் ஒருங்கே அமைந்துள்ளன. தங்கால் பொற்கொல்லன் வெண்ணாகனார், உறையூர் மருத்துவன் தாமோதரனார் என்பவற்றில் ஊரும் தம் தொழிலும் விளங்குகின்றன. கருங்குழல் ஆதனார், நெடுங்கழுத்துப் பரணர் என்பன உறுப்பு நோக்கி வந்தவை. பொற்கொல்லன் என்பதற்கு நேரான கோல்ட்ஷ்மிட் என்னும் பெயர் இன்றும் ஜெர்மானியரிடையே வழங்குகிறது. மாந்தர் ஒருவரை மற்றொருவரினின்று பிரித்தறிய, எந்நாட்டிலும் ஊரையும் தந்தையையும் தொழிலையும் உருவத்தையுமே துணைக்கொண்டனர். வேறுபாடு ஒன்றே. ஐரோப்பாவில் அவ்வடைமொழி காலப்போக்கில் உறைந்து, மகனுக்கும் பெயரனுக்கும் மரபுரிமையாயிற்று. தமிழகத்தில் அஃது உறையவில்லை. ஒவ்வொரு தலைமுறையிலும் புதிதாகப் பிறந்தது.

ஒரே ஒலி, இருவேறு வேர்

குடிப்பெயர் ஒன்றாக இருப்பின் குருதியும் ஒன்றாக இருத்தல் வேண்டும் என எண்ணுவது பலர்க்கும் இயல்பு. அவ்வெண்ணம் எத்துணைப் பிழையுடையது என்பதற்கு மெயர் என்னும் பெயர் சான்றாகும். ஹாம்பர்க் நகரைச் சார்ந்த தியோடர் ஆகஸ்ட் பென், வாலண்டின் லோரன்ஸ் மெயர் ஆகிய இருவரும் 1840இல் சிங்கப்பூரில் பென் மெயர் நிறுவனத்தைத் தொடங்கினர். அதன் கிளை 1891இல் பினாங்கில் நிறுவப்பட்டது. பென் என்பது பெர்ன்ஹார்ட் என்னும் இயற்பெயரின் வடஜெர்மானியக் குறுக்கம் என்பர். மெயர் என்பது நிலக்கிழாரின் பண்ணையை மேற்பார்வை செய்து பங்கு தண்டியவரைக் குறித்த சொல். தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் வழங்கிய மணியக்காரர் என்னும் பெயரோடு இதனை ஒப்பிடலாம்.

அதே காலத்துச் சிங்கப்பூரில் மனாசே மெயர் என்னும் பெருஞ்செல்வர் வாழ்ந்தார். யூதத் தொழுகைக்கூடம் எழுப்பியவர். அவர் பெயரிலும் மெயர் உண்டு. ஆனால் அவர் ஜெர்மானியர் அல்லர். பாக்தாத் யூத மரபினர். அவர் பெயரிலுள்ள மெயர், ஒளிதருபவர் எனப் பொருள்படும் மெயீர் என்னும் எபிரேயப் பெயரின் திரிபாகும். ஒரே துறைமுகத்தில், ஒரே எழுத்துகளில் எழுதப்பெற்ற ஒரே பெயர். எனினும் ஒன்றன் வேர் பண்ணை நிலத்தில். மற்றதன் வேர் மறைமொழியில்.

பெயர் ஒன்றாயினும் வேர் வேறாகலாம் என்பது இரண்டாம் பாடம். இதன் மறுதலையும் உண்மையே. வேர் ஒன்றாயினும் பெயர் பலவாகலாம். அதனை விளக்கத் தமிழ்க் குடியே தக்க சான்று.

நூர்தீனும் மெரிக்கனும்

1786இல் பிரான்சிஸ் லைட் பினாங்கைக் கைக்கொண்ட சில ஆண்டுகளுக்குள்ளாகவே சோழமண்டலக் கரையிலிருந்து வந்த தமிழ் முஸ்லிம்கள் இங்கே கடை விரித்தனர். 'சூலியா' என அழைக்கப்பட்ட அவர்களுள் ஏறத்தாழ 1,000 பேர் குடியமர்ந்துள்ளனர் என்றும், ஆண்டுதோறும் 1,300 முதல் 2,000 பேர் வரை மரக்கலங்களில் வந்து செல்கின்றனர் என்றும் 1794இல் லைட் அறிக்கை எழுதினார். முதல் கப்பித்தான் கிளிங் எனக் கருதப்படும் காதர் மொகைதீன் மெரிக்கன், 1801இல் தோன்றிய கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலோடு சேர்த்து இன்றும் நினைக்கப்படுகிறார்.

மெரிக்கன் என்னும் இப்பெயரை முதன்முறை கேட்போர், அமெரிக்க நாட்டோடு தொடர்புபடுத்தி மயங்குவதுண்டு. அது மரைக்காயர் என்னும் தமிழ்ச் சொல்லின் திரிபே. மரக்கலம் என்பதிலிருந்து மரைக்காயர் வந்தது என்பாரும், மரக்கலத்தைக் குறிக்கும் 'மர்கப்' என்னும் அரபுச் சொல்லோடு அதனைத் தொடர்புபடுத்துவாரும் உளர். எவ்வாறாயினும் கடலும் கலமும் அப்பெயரில் உள்ளன என்பதில் இரு திறத்தாரும் ஒன்றுபடுவர். ஆங்கில எழுத்தர் கையில் அது மெரிக்கன் என்றும் மரிக்கன் என்றும் ஆயிற்று. காரைக்காலில் பிரெஞ்சு எழுத்தர் அதனை மரிக்கார் என எழுதினர். இலங்கையில் மரிக்கார் என்னும் வடிவமே நிலைத்தது. வேர் ஒன்று, துறைமுகந்தோறும் வடிவம் வேறு.

19ஆம் நூற்றாண்டுப் பினாங்கின் பெருவணிகருள் ஒருவரான முகம்மது மெரிக்கன் நூர்தீன் பெயரிலோ மற்றொரு மாற்றம் காணப்படுகிறது. நூருத்தீன் என்பது மார்க்கத்தின் ஒளி எனப் பொருள்படும் அரபு இயற்பெயர். பெயரின் இறுதிச் சொல்லே குடிப்பெயர் என்பது ஆங்கிலேயர் வழக்கம். அவ்வழக்கத்தின்படி ஒருவரின் சொந்தப் பெயரே குடும்பத்தின் பெயராகவும், பின்னர்த் தெருவின் பெயராகவும் நிலைத்தது. சூலியா தெருவிலுள்ள நூர்தீன் குடும்ப அடக்கத்தலம் அதற்குக் கல்லாலான சான்று. ஒளிதருபவர் என்னும் மெயீரும், மார்க்கத்தின் ஒளி என்னும் நூருத்தீனும் எபிரேயத்திலும் அரபிலும் ஒளி என்னும் ஒரே கருத்தைத் தாங்கி நிற்பவை என்பது மொழிநூல் பயில்வோர் எண்ணி மகிழத்தக்கது.

பெயரை மாற்றும் குற்றம் ஆங்கிலேயர்க்கு மட்டும் உரியதன்று. 1706இல் தரங்கம்பாடியில் கரையிறங்கிய ஜெர்மானியப் பாதிரியார் சீகன்பால்க்கின் குடிப்பெயர், ஆட்டுத்தோல் எனப் பொருள்படும் இரு சொற்களின் சேர்க்கை. தமிழ் மக்கள் அதனைத் தம் நாவிற்கேற்பச் சீகன்பால்கு ஐயர் என்றாக்கி, மரியாதையும் சேர்த்து அழைத்தனர். ஓடை நீர் செல்லும் நிலத்தின் நிறத்தைப் பெறுவதுபோலப் பெயரும் செல்லும் நாவின் இயல்பைப் பெறுகிறது.

பெயரே குற்றமான காலம்

குடிப்பெயரைத் தேடுதல் எப்பொழுதும் இன்பமான பணியாக இருந்ததில்லை. 1914 ஆகஸ்டு மாதம் முதல் உலகப்போர் மூண்டபோது, நீரிணைக் குடியேற்றங்களில் ஜெர்மானியப் பெயர் தாங்கியிருத்தலே ஐயத்திற்கு இடமாயிற்று. அவ்வாண்டு அக்டோபர் 28ஆம் நாள் எம்டன் கப்பல் பினாங்குத் துறைமுகத்துள் புகுந்து, ரஷ்யக் கப்பல் ஒன்றை மூழ்கடித்து, வெளியேறும்போது பிரெஞ்சுக் கப்பல் ஒன்றையும் அழித்தது. நேற்றுவரை ஒரே மன்றத்தில் அமர்ந்து உண்டவர்கள் பகைவராயினர். பென் மெயர் போன்ற நிறுவனங்களின் உடைமைகள் கைப்பற்றப்பட்டன. இங்கிலாந்தின் அரச குடும்பமே 1917இல் தன் ஜெர்மானியக் குடிப்பெயரைக் கைவிட்டு வின்ட்சர் என்னும் பெயரைப் பூண்டது.

இதனினும் கொடியது பின்னர் நேர்ந்தது. 1933இல் நாஜிகள் ஜெர்மனியில் ஆட்சியைக் கைப்பற்றிய பின்னர், அரசுப் பணியில் இருப்போர் தம் பாட்டன் பாட்டி யாவர் எனச் சான்று காட்ட வேண்டியதாயிற்று. ஞானஸ்நானமும் திருமணமும் குறிப்பதற்காகத் தேவாலயங்கள் நூற்றாண்டுகளாகப் போற்றிய ஏடுகள், யூதக் குருதி உடையோரைப் பிரித்தெடுக்கும் சல்லடையாயின. 1939 சனவரி முதல், யூதப் பெயரென அரசு ஏற்ற பட்டியலில் இல்லாத பெயருடைய யூத ஆடவர் இஸ்ரேல் என்றும், பெண்டிர் சாரா என்றும் கூடுதல் பெயர் தாங்க வேண்டுமென விதிக்கப்பட்டது. முன்னோரைத் தேடும் கலை கொலைக்கருவியாயிற்று. காட்ஸ் என்னும் பெயர் பினாங்கில் தெருப்பலகையில் நின்றிருந்த அதே காலத்தில், ஐரோப்பாவில் அப்பெயர் தாங்கிய எண்ணற்றோர் அப்பெயராலேயே மரணத்திற்கு உள்ளாயினர்.

ஆகவே மூன்றாம் பாடம் இது. முன்னோர் சென்ற வழியை அறிவதற்காக மூலத்தைத் தேடுக. எவர் உயர்ந்தோர், எவர் தாழ்ந்தோர் எனத் தரம் பிரிப்பதற்காகத் தேடற்க. தமிழர்க்கு இஃது அயலார் கதையன்று. பெயரோடு சாதிப்பட்டம் சேர்க்கும் வழக்கம் எத்தனை பேரைத் தலைகுனிய வைத்தது என்பதை நம் சமுதாயம் நன்கு அறியும். 1929ஆம் ஆண்டு செங்கற்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு சாதிப்பட்டங்களை விட்டொழிக்க வேண்டும் எனத் தீர்மானித்தது. அவ்வாண்டின் இறுதியில் பெரியார் பினாங்கில் வந்திறங்கி மலாயாவெங்கும் அக்கருத்தை முழங்கினார். குடிப்பெயர் இன்மை தமிழர்க்குக் குறையன்று. ஒரு வகையில் அது விடுதலை.

அறுந்துபோகும் நூல்

ஆயினும் விடுதலைக்கும் விலை உண்டு. காட்ஸ் குடும்பத்தார்க்கும் நூர்தீன் குடும்பத்தார்க்கும் வணிக ஏடுகளும் உயில்களும் கல்லறைகளும் தெருப்பெயர்களும் இருந்தன. ஹாம்பர்க் துறைமுகத்திலிருந்து புறப்பட்ட பயணியரின் பட்டியல்கள் 1850 முதல் 1934 வரை பெரும்பாலும் பாதுகாக்கப்பட்டுள்ளன. சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் கப்பலேறி, ஜெரஜாக் தீவில் தொற்றுநோய்த் தடுப்புக்காகத் தங்கவைக்கப்பட்டு, பின்னர்த் தோட்டங்களுக்குச் சென்ற பல்லாயிரவர்க்கு எஞ்சியது என்ன? செக்ரோலில் ஒற்றைப் பெயர். அதுவும் எழுத்தர் செவியில் விழுந்தவாறு. ஒருவர் பெயரே ராமசாமி என்றும் ராமசாமை என்றும் இரு ஏடுகளில் இருவேறாக எழுதப்படுவதுண்டு. 1948இல் மலாயாவில் அடையாள அட்டை வழங்கப்பட்டபோது, அக்காலத்து எழுத்துவடிவங்கள் அப்படியே உறைந்தன. மகன், மகள் என்னும் குறிகளால் தந்தை பெயர் இணைக்கப்பட்டது. பாட்டன் பெயரோ அட்டையில் இல்லை, ஊர்ப்பெயரும் இல்லை.

பழைய வழக்கத்தில் ஊர்ப்பெயர் விடுபடவில்லை என்பதை நினைவிற்கொள்ள வேண்டும். உ.வே.சா. என்னும் மூன்றெழுத்தை விரித்தால் உத்தமதானபுரம் என்னும் ஊரும், வேங்கட சுப்பையர் என்னும் தந்தையும், சாமிநாதையர் என்னும் மகனும் வெளிப்படுவர். ஒரு முழு முகவரியே அத்தலைப்பெழுத்துகளில் அடங்கியுள்ளது. கடல் கடந்த தமிழர் பெயரிலிருந்து முதலில் உதிர்ந்தது அந்த ஊரெழுத்தே. அவ்வெழுத்து உதிர்ந்தபின், மூன்றே தலைமுறையில் குடும்பத்தின் வழி மறைந்துவிடுகிறது. பாட்டனாரின் தந்தை பிறந்த சிற்றூர் எது என வினவினால் விடைகூற இயலாத மாணவரே இன்று மிகுதி.

இதனைச் சீர்செய்யும் கடமை பள்ளிக்கு உண்டு. தமிழாசிரியர் ஒரு பருவத்திற்கு ஒருமுறையேனும் மாணவரைத் தம் குடும்ப வரலாற்றை எழுதச் செய்யலாம். நான்கு தலைமுறையினரின் பெயர், பிறந்த ஊர், ஊரை அடுத்த பேரூர், கப்பலேறிய துறை, வந்த ஆண்டு, முதலில் செய்த தொழில் ஆகியவற்றைக் கேட்டெழுதினால் போதும். சாதியைக் கேட்க வேண்டுவதில்லை. ஊரும் உழைப்புமே வரலாறு. சான்றுகள் வீட்டிலேயே கிடைக்கும். பழைய மொய் நோட்டில் உறவினர் பெயருக்கு முன் ஊர்ப்பெயர் இருக்கும். திருமண அழைப்பிதழிலும், கோயில் நன்கொடைக் கல்லிலும், இடுகாட்டுக் கல்லிலும், சாயம் போன கடவுச்சீட்டிலும் இருக்கும். குலதெய்வத்தின் பெயரைச் சொன்னால், அத்தெய்வம் குடிகொண்ட ஊரையும் முதியோர் சொல்லிவிடுவர். கேட்டதை ஏட்டோடு ஒப்பிடுதல், ஒலியை நம்பி முடிவு கூறாதிருத்தல், பெயரொற்றுமையை உறவெனக் கொள்ளாதிருத்தல் என்னும் ஆய்வு நெறிகளையும் மாணவர் இவ்வாறே பழகுவர்.

காலம் தாழ்த்துதல் மட்டும் தகாது. ஏடு பேழையில் காத்திருக்கும். கல் மழையில் நின்றிருக்கும். முதியோர் நினைவு காத்திராது. இரண்டாம் தெருவும் ஆறாம் தெருவும் தம் குடிகளின் பெயரைச் சொல்லிக்கொண்டு நிற்கின்றன. எத்தெருவும் பெயர் சொல்லாத குடிகளுக்கு, அவர்தம் பெயரப்பிள்ளைகளின் எழுதுகோலே பெயர்ப்பலகை நாட்டவேண்டும்.